தஞ்சோங் ரம்புத்தான் முதல் மெந்தாரி வரை: மனநல மருத்துவமும் வேலையும் நடந்து வந்த பாதை



மலேசியாவில் பிறந்து வளர்ந்த தமிழர் எவருக்கும் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்னும் பெயரை விளக்க வேண்டியதில்லை. பேராக் மாநிலத்தில், ஈப்போ நகருக்கு அருகே, ரயில் நிலையத்தோடு கூடிய ஒரு சிற்றூர் அது. ஆயினும் நம்மவர் பேச்சில் அது ஊர்ப்பெயராக வழங்குவது அரிது. பள்ளித் திடலில் ஒரு மாணவன் மற்றொருவனைச் சீண்டுவதற்கும், காப்பிக் கடையில் ஒருவர் இன்னொருவரை மட்டந்தட்டுவதற்கும் அப்பெயர் பயன்படுகிறது. சென்னைவாசிகளுக்குக் கீழ்ப்பாக்கமும் சிங்கப்பூரர்களுக்கு உட்பிரிட்ஜும் அவ்வாறே ஆயின. தமிழ்ப்படங்களின் உபயத்தால் கீழ்ப்பாக்கத்தை ஒருமுறையேனும் பார்த்திராத நம் மாணவர்களும் அப்பெயரைச் சொல்லிச் சிரிக்கின்றனர்.

இந்தக் கேலிச்சொல்லுக்கு நாம் கொடுக்கும் விலை சிறிதன்று. மனம் நலிந்த ஒருவர் மருத்துவரிடம் செல்லத் தயங்குவதற்கும், அவருடைய குடும்பம் செய்தியை மறைப்பதற்கும், அவர் வேலையை இழந்து வீட்டுக்குள் முடங்குவதற்கும் இந்தப் பெயரச்சம் ஒரு காரணமாக நிற்கிறது. ஆனால், நாம் அஞ்சும் அந்தப் பழைய இடத்திலிருந்து மனநல மருத்துவம் வெகுதூரம் நடந்து வந்துவிட்டது. அவ்வாறு வந்த பாதையைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறையிலிருந்து மருத்துவமனைக்கு

பிரிட்டிஷ் ஆட்சியின் தொடக்கக் காலத்தில் மனநோயாளிகளுக்கென்று தனி இடம் இருக்கவில்லை. சிங்கப்பூரில் அவர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் சாலை அமைத்துக்கொண்டிருந்த காலம் அது. 1841ஆம் ஆண்டில்தான் அங்கே மனநோயாளிகளுக்கான முதல் மருத்துவமனை சிறிய அளவில் எழுந்தது. 1928ஆம் ஆண்டில் இயோ சூ காங் வட்டாரத்தில் பெரிய மருத்துவமனை திறக்கப்பட்டு, 1951ஆம் ஆண்டில் அது உட்பிரிட்ஜ் எனப் பெயர் பெற்றது. இன்று மனநலக் கழகம் என வழங்குவது அதன் வழித்தோன்றலே.

மலாயாவில், கூட்டரசு மலாய் மாநிலங்களுக்கான மத்திய மனநோய் மருத்துவமனை 1911ஆம் ஆண்டில் தஞ்சோங் ரம்புத்தானில் திறக்கப்பட்டது. ஜொகூரின் தம்போயில் 1930களில் மற்றொரு பெரிய மருத்துவமனை உருவாயிற்று. ஈயச் சுரங்கங்களும் ரப்பர் தோட்டங்களும் பெருகிய காலம் அது. சீனாவிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்தவர்களுள் பெரும்பாலோர் தனித்து வந்த இளைஞர்கள். ஊரில் ஒருவருக்கு மனம் பிறழ்ந்தால் தாயோ தமக்கையோ பார்த்துக்கொள்வாள். இங்கே லயத்தில் நோயுற்றவனுக்கு அப்படி யார் இருந்தார்கள்? உடற்காய்ச்சலுக்குத் தோட்டத்து டிரஸர் மருந்து கொடுத்தார். மனத்தின் காய்ச்சலுக்கு மந்திரிப்பதும் கயிறு கட்டுவதும் நடந்தன. அவற்றுக்கும் அடங்காதபோது காவலர் துணையோடு நெடுந்தொலைவுப் பயணம். குடும்பம் கடலுக்கு அப்பால் இருந்தபடியால், சென்றவர்களில் பலருக்கு அந்த மருத்துவமனையே கடைசிவரை வீடாயிற்று. நம்மவர் நெஞ்சில் அந்தப் பெயர் 'போனால் திரும்பாத இடம்' என்று பதிந்ததன் வேர் இங்கே இருக்கிறது.

சுவருக்குள் ஒரு வேலை

அக்கால மனநோய் மருத்துவமனைகளில் வேலைக்கும் இடமிருந்தது என்பதைப் பலர் அறியார். காய்கறி பயிரிடுதல், சலவை, தையல், பிரம்பு முடைதல், தச்சு ஆகியவற்றில் நோயாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர். கை ஓயாதிருந்தால் மனம் அமைதி பெறும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலிருந்து வந்த கருத்து. அதில் உண்மையும் உண்டு. ஆயினும் அவ்வேலை மருத்துவமனையின் செலவைக் குறைக்கவும் உதவியது. நோயாளிக்குச் சந்தைக் கூலி கிடையாது. வேலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கிடையாது. நன்றாக உழைத்தார் என்பதற்காக அவர் வெளியுலகில் ஒரு பணிக்கு அனுப்பப்படவும் இல்லை. வேலை சுவருக்குள்ளேயே தொடங்கிச் சுவருக்குள்ளேயே முடிந்தது.

மருந்தும் பெயர் மாற்றமும்

1952ஆம் ஆண்டில் பிரான்சில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோய்க்குப் பயன்படத் தொடங்கியது. அதனைத் தொடர்ந்து வந்த மருந்துகள் உலகெங்கும் மருத்துவமனைக் கதவுகளைத் திறந்தன. குரல் கேட்பதாகவும் யாரோ தொடர்வதாகவும் துன்புற்றவர்கள் சில மாதங்களில் தெளிவு பெற்று வீடு திரும்பும் நிலை உருவாயிற்று.

வீடு திரும்பியவருக்கு வெளியே துணை வேண்டுமல்லவா? 1967ஆம் ஆண்டில் மலேசிய மனநலச் சங்கமும், 1968ஆம் ஆண்டில் சிங்கப்பூர் மனநலச் சங்கமும், 1970ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பும் தோன்றின. 1971ஆம் ஆண்டில் தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை 'ஹோஸ்பிட்டல் பஹாகியா உலு கிந்தா' எனப் பெயர் மாற்றம் பெற்றது. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. தம்போய் மருத்துவமனையும் பின்னர் 'பெர்மாய்' என்னும் அழகிய பெயரைப் பெற்றது. அரசாங்கம் பெயரை மாற்றிய பின்னரும் நம் நாக்கு மாறவில்லை என்பதுதான் வருத்தத்திற்குரியது.

அருகில் வந்த வாசல்

1990களின் பிற்பகுதியில் சுகாதார அமைச்சு ஒரு முக்கியமான முடிவை எடுத்தது. நோய் கட்டுக்குள் இருப்பவர்கள் மாதந்தோறும் பெரிய மருத்துவமனைக்கு அலையாமல், தத்தம் வட்டாரத்துக் கிளினிக் கெசிஹாத்தானிலேயே மருந்து பெறலாம் என்றாயிற்று. சளிக்கும் சர்க்கரை நோய்க்கும் செல்லும் அதே கிளினிக், அதே வரிசை, அதே 1 ரிங்கிட் கட்டணம். 1998ஆம் ஆண்டில் தேசிய மனநலக் கொள்கை அறிவிக்கப்பட்டது. 1952ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக 2001ஆம் ஆண்டில் மனநலச் சட்டம் இயற்றப்பட்டு, 2010ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தின் கவனம் பெரும்பாலும் அடைத்துக் காப்பதில் இருந்தது. புதிய சட்டமோ 'சமூக மனநல மையம்' என்பதற்கும் இடமளித்தது.

அதன் பயனாக 2010களில் 'மெந்தாரி' எனப்படும் சமூக மனநல மையங்கள் பல மாநிலங்களில் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்டன. மெந்தாரி என்றால் மலாய் மொழியில் கதிரவன். இவை அரசாங்க மருத்துவமனையின் மனநலப் பிரிவைச் சார்ந்தவை. ஆனால் பெரும்பாலும் மருத்துவமனை வளாகத்துக்கு வெளியே, மக்கள் புழங்கும் கடைவரிசைகளில் அமைந்தவை. ஆலோசனை, மறுவாழ்வுப் பயிற்சி, குடும்பத்தாருக்கான வழிகாட்டுதல் ஆகியவற்றோடு வேலை பெறுவதற்கான துணையும் அங்கே கிடைக்கிறது.

முதலில் வேலை, வேலையினூடே பயிற்சி

இங்குதான் வரலாற்றில் ஒரு பெரிய திருப்பத்தைக் காண்கிறோம். நெடுங்காலமாக மறுவாழ்வு மையங்கள் ஓர் ஒழுங்கைப் பின்பற்றி வந்தன. முதலில் நோய் முற்றும் குணமாக வேண்டும். பிறகு கூடை பின்னவோ உறை ஒட்டவோ பயிற்சி பெற வேண்டும். அதன் பின்னரே வெளியில் வேலை தேட வேண்டும். பலர் இரண்டாம் படியிலேயே ஆண்டுக்கணக்கில் நின்றுவிட்டனர்.

1990களில் அமெரிக்காவின் நியூ ஹேம்ஷயரில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் ஆகியோர் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிப் பார்த்தனர். வேலை செய்ய விரும்பும் எவரையும் உடனே சாதாரண ஊதியம் தரும் உண்மையான வேலையில் அமர்த்துவது. பயிற்சியையும் துணையையும் வேலைக்குச் சென்ற பிறகு தொடர்ந்து வழங்குவது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் பழைய முறையைவிட இம்முறையில் கூடுதலானோர் வேலை பெற்றதைக் காட்டின. மெந்தாரியின் 'துணையுடன் கூடிய வேலைவாய்ப்பு' இவ்வழியில் வந்ததே.

நடைமுறை எளிது. மையத்தில் வேலை வழிகாட்டி ஒருவர் இருப்பார். "உங்களுக்கு என்ன வேலை பிடிக்கும்?" என்பதே அவர் முதற்கேள்வி. விருப்பத்துக்கு ஏற்ப முதலாளிகளை அணுகுகிறார். நேர்முகத் தேர்வுக்குத் தயார்ப்படுத்துகிறார். தமது நோயைப் பற்றி முதலாளியிடம் சொல்வதா வேண்டாமா என்பதை வேலை தேடுபவரே தீர்மானிக்கிறார். வேலை கிடைத்த பின்னரும் வழிகாட்டி கைவிடுவதில்லை. மருந்தினால் காலையில் அயர்வாக இருக்கிறதா? வேலை நேரத்தை மாற்றக் கேட்கலாம். சக ஊழியரோடு பிணக்கா? பேசித் தீர்க்கலாம். நூறாண்டுகளுக்கு முன் சுவருக்குள் கூலியின்றி நடந்த வேலை, இன்று மாதச் சம்பளமும் இ.பி.எஃப். சேமிப்பும் உடைய வேலையாக உருமாறியிருக்கிறது.

இதற்கு வேறு சில ஏற்பாடுகளும் துணை நிற்கின்றன. அரசாங்கப் பணிகளில் நூற்றுக்கு 1 விழுக்காடு உடற்குறையுடையோருக்கும் பிற மாற்றுத்திறனாளிகளுக்கும் என்னும் கொள்கை 1988ஆம் ஆண்டிலிருந்தே உள்ளது. 2008ஆம் ஆண்டில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் இயற்றப்பட்டது. நாட்பட்ட மனநோயால் வாழ்க்கை பாதிக்கப்பட்டோரும் மருத்துவரின் உறுதிச் சான்றோடு சமூக நல இலாகாவில் பதிந்து ஓ.கே.யூ. அட்டை பெறலாம். சந்தா செலுத்திய தொழிலாளர்கள் நோய்க்குப்பின் பணிக்குத் திரும்ப உதவும் திட்டத்தை சொக்சோ 2007ஆம் ஆண்டில் தொடங்கியது. அதில் நியமிக்கப்படும் அதிகாரி மருத்துவர், முதலாளி, தொழிலாளி மூவரையும் இணைத்து வைக்கிறார்.

தோட்டத்தை இழந்தவர்கள்

இவ்வளவும் நம் சமுதாயத்துக்கு ஏன் முக்கியம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ரப்பர் தோட்டத்தில் வேலை, வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி, டிரஸர் எல்லாம் ஒரே வேலிக்குள் இருந்தன. தோட்ட வாழ்வு துன்பம் நிறைந்ததுதான். ஆயினும் மனம் சற்றுத் தளர்ந்த ஒருவருக்கும் அங்கே புல்வெட்டவோ கோயில் வாசல் கூட்டவோ ஏதேனும் ஒரு வேலை இருந்தது. அவரைப் பெயர் சொல்லி அழைக்க நாலு பேர் இருந்தனர். 1980களிலும் 1990களிலும் தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைத் தோட்டங்களாகவும் மாறியபோது, வேலையும் வீடும் உறவும் ஒருங்கே பறிபோயின. நகரத்து மலிவு விலை அடுக்குமாடியில் அதே மனிதர் கதவடைத்த அறைக்குள் ஒடுங்கினார். அவருக்கு மருந்து மட்டும் போதாது. காலையில் எழுந்து கிளம்புவதற்கு ஒரு காரணம் வேண்டும். மருத்துவமும் வேலையும் ஒரே கூரையின் கீழ் வருவதன் பொருள் இதுதான்.

நாம் செய்யக் கூடியவை

ஆசிரியர்களாகிய நாம் மருத்துவர்கள் அல்லர். நோயின் பெயரைச் சொல்வது நம் பணியுமன்று. ஆனால் ஒரு வீட்டில் ஏதோ நடக்கிறது என்பதை முதலில் அறிவது பெரும்பாலும் நாமே. திடீரென்று பள்ளிக்கு வராமற்போகும் மாணவி, கட்டணம் செலுத்த முடியாத வீடு, கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்ட தந்தை. இவற்றின் பின்னால் சோம்பலோ குடியோதான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடாமல், பெற்றோரிடம் தனியே, பணிவாகப் பேசலாம். "ஐயா, அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானில் டாக்டரைப் பாருங்கள். தூக்கமில்லை, வேலைக்குப் போக மனம் வரவில்லை என்று சொன்னாலே போதும்" என்று சொல்லலாம். தேவையெனில் அந்த மருத்துவர் மனநல நிபுணருக்கோ மெந்தாரி மையத்துக்கோ கடிதம் தருவார். மையத்துக்குச் சென்றால், வேலை தேடுவதற்கு உதவி வேண்டும் என்பதை வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காதவருக்கு அது தெரியாமலே போகக்கூடும்.

உடனடியாக யாரிடமேனும் பேச வேண்டிய நிலையில் உள்ளவர்களுக்கு, சுகாதார அமைச்சு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய 15555 என்னும் தொலைபேசிச் சேவையும், பிஃபிரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்னும் எண்ணும் உள்ளன. தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்றிருந்த சட்டப்பிரிவு 2023ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே, காவல்துறைக்கு அஞ்சி உதவி கேட்காமல் இருக்க வேண்டியதில்லை என்பதையும் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது வகுப்பறையில் நம்மால் உடனே செய்யக் கூடியது. அடுத்த முறை ஒரு மாணவன் தஞ்சோங் ரம்புத்தானையோ கீழ்ப்பாக்கத்தையோ சொல்லிச் சிரித்தால், அவனைக் கடிந்துகொள்ள வேண்டாம். அது ஒரு மருத்துவமனை என்பதையும், அங்கே சென்றவர்கள் நம் பாட்டன்மாரோடு ஒரே கப்பலில் வந்தவர்கள் என்பதையும் சொல்லுங்கள். அந்த வகுப்பில் அமர்ந்திருக்கும் ஏதோ ஒரு பிள்ளை, யாரிடமும் சொல்லாத தன் வீட்டை நினைத்தபடி, உங்கள் சொற்களைக் கேட்டுக்கொண்டிருக்கும்.