பேலீஃப் பண்ணை வீடு

பேலீஃப், இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் சிடிங்ஸ்டன் ஊருக்கு அருகே 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டப்பட்ட மரச்சட்டக வீடு. இப்போது அது கென்டில் இல்லை. பௌ பீச் நீர்த்தேக்கம் அமைந்தபோது 1968–69இல் மரம் மரமாகக் கழற்றப்பட்டு, 1972இல் மேற்கு சசெக்ஸ் மாவட்டத்தின் சிங்கிள்டனில் உள்ள வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. இடிபடவிருந்த பழைய நாட்டுப்புறக் கட்டடங்களைக் காப்பாற்றுவதற்காக ராய் ஆம்ஸ்ட்ராங் முன்னின்று தொடங்கிய இந்த அருங்காட்சியகம் 1970இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

இவ்வகை வீட்டுக்குக் கட்டடக்கலை அறிஞர்கள் வைத்துள்ள பெயர் வீல்டன் வீடு. கென்ட், சசெக்ஸ் பகுதிகளில் பரந்து கிடந்த வீல்ட் காட்டு நிலத்தின் பெயரே அதற்கும் வந்தது. ஓக் மரம் தாராளமாகக் கிடைத்த அந்தப் பகுதியில் ஓரளவு வசதி படைத்த உழவர்கள் இப்படிக் கட்டிக்கொண்டார்கள். நடுவே தரையிலிருந்து கூரைவரை திறந்த கூடம். இரு புறமும் மாடி வைத்த அறைகள். எல்லாவற்றையும் மூடும் ஒரே பெரிய கூரை. மாடி அறைகள் கீழ்ச்சுவரைத் தாண்டி முன்னால் துருத்தி நிற்கும். கூடத்தின் சுவர் மட்டும் பின்வாங்கியிருக்கும். அங்கே கூரை விளிம்பைத் தாங்குபவை வளைந்த மரக்கைகள். எதிரில் நின்று பார்த்தவுடன் வீல்டன் வீட்டை இனம் காட்டுவது இந்த முகப்புதான்.

உள்ளே நுழைந்தால் வீட்டின் குறுக்கே, நம் ஊர் ரேழியைப் போல, ஒரு நடை. அதன் ஒரு பக்கம் பானங்களும் உணவுப் பொருள்களும் வைக்கும் இரு அறைகள், மறு பக்கம் கூடம். கூடத்தின் தரையில் திறந்த அடுப்பு எரிந்தது, புகைபோக்கி கிடையாது. புகை மேலே எழுந்து கூரை மரங்களில் கரியாகப் படிந்து, கிடைத்த இடுக்குகள் வழியே வெளியேறியது. சன்னல்களில் கண்ணாடி இல்லை. மரக்கம்பிகளும் அடைக்கும் பலகைகளும் மட்டுமே. கூடத்துக்கு அப்பால், குடும்பத்தலைவருக்கான மேல்முனை அறைகள். தூண்களுக்கு இடைப்பட்ட சுவர்கள், குச்சிப் பின்னலில் களிமண் அப்பியவை.

இந்த அமைப்பும் ஒரே மூச்சில் வந்ததல்ல. மரங்களின் ஆண்டு வளையங்களைக் கொண்டு செய்த கணிப்பின்படி, கூடமும் நடையை ஒட்டிய முனையும் 1405க்கும் 1430க்கும் இடைப்பட்டவை. மேல்முனை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்ந்தது. முழுமையான வீல்டன் வடிவமாக இன்று தெரிவது, ஏறத்தாழ நூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு தலைமுறைத் தச்சர்கள் செய்த வேலை.

அதற்குப் பிறகுதான் பெரிய மாற்றம். திறந்த கூடங்களின் காலம் முடிந்து, செங்கல் புகைபோக்கி வந்ததும், புகை ஓரிடத்தில் அடங்கியது. புகை அடங்கியதும் கூடத்தின் மேல்வெளி வீணாக நிற்கத் தேவையில்லை. உத்திரங்கள் பாய்ச்சி மாடி போட்டுக்கொள்ளலாம். ஒரு புகைபோக்கி இரண்டு அறைகளைச் சம்பாதித்துக் கொடுத்தது. பேலீஃபிலும் இப்படியே நடந்தது. இங்கிலாந்து முழுக்க நடந்த இத்தகைய மாற்றங்களை வரலாற்றாசிரியர் டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் 1953இல் வெளியிட்ட கட்டுரையில் 1570–1640 காலத்து மாபெரும் மறுகட்டுமானம் என்று விளக்கினார். அந்த ஆண்டு எல்லைகளைப் பின்வந்தவர்கள் ஏற்க மறுத்து நிறைய விவாதித்தார்கள். ஆனாலும் பழைய பண்ணை வீட்டை ஆராய வருபவர் யாரும் அவரைத் தாண்டிச் செல்வதில்லை.

மாற்றப்பட்ட வீட்டின் பழைய வடிவத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? மரச்சட்டகம் எதையும் எளிதில் மறைக்காது. ஒரு சுவரை எடுத்துவிட்டால், அதன் தூண் செருகியிருந்த துளை உத்திரத்தின் அடியில் வெறுமையாக நிற்கும். சன்னலை அடைத்துவிட்டாலும் கம்பிகள் நின்ற குழிகள் தெரியும். பிற்கால மாடி அறையின் கூரைமரத்தில் கரி படிந்திருந்தால், அந்த இடம் முன்பு அடுப்பு எரிந்த கூடம். எந்தத் துண்டு எதனுடன் சேரவேண்டும் என்று தச்சர்கள் கீறிவைத்த ரோமன் எண்களும் உதவும். வீடு நிற்கும்போது பூச்சுக்கும் பலகைக்கும் பின்னால் ஒளிந்திருக்கும் இத்தடயங்கள், கழற்றும்போது முழுதாக வெளிப்படும். பேலீஃபை இடம் மாற்றியதில் கிடைத்த பெரிய லாபம் இதுவே.

நட்டமும் உண்டு. அருங்காட்சியகம் வீட்டை அது கழற்றப்பட்ட நிலையில் நிறுத்தவில்லை. பின்னாளில் வந்த புகைபோக்கியையும் மாடித்தளத்தையும் விட்டுவிட்டு, 16ஆம் நூற்றாண்டு நிலைக்குத் திருப்பியது. பிறகு 1540ஐ ஒட்டிய காலத்தைத் தேர்ந்துகொண்டு, மேசை, கட்டில், பாத்திரம் எல்லாவற்றையும் அக்கால முறையில் செய்துவைத்தார்கள், தோட்டமும் அவ்வாறே. திறந்த கூடத்தின் உயரமும் புகையும் இருட்டும் எப்படியிருந்தன என்பதை வேறெந்த வழியிலும் இவ்வளவு தெளிவாக உணர்த்தியிருக்க முடியாது. ஆனால் வீட்டின் பிற்கால வாழ்வு பார்வைக்கு இல்லாமல் போயிற்று. புகைபோக்கி எழுப்பி மாடி கட்டியவர்களும் அந்த வீட்டின் கட்டடக்கலைஞர்களே என்று வாதிடுவோர் பக்கம் நியாயம் இருக்கிறது.

வீட்டைச் சுற்றியுள்ள பண்ணையும் ஒரே இடத்துச் சொத்தல்ல. அருகில் நிற்கும் களஞ்சியக் கொட்டகை மேற்கு சசெக்ஸின் கவ்ஃபோல்டிலிருந்து வந்தது. அதன் காலம் 1536.

பேலீஃப் இருந்த அதே நீர்த்தேக்கப் பகுதியிலிருந்து மீட்கப்பட்ட விங்க்ஹர்ஸ்ட் கட்டடத்தின் கதை இன்னும் சுவையானது. அருங்காட்சியகத்தின் தொடக்க காலத்தில் அதை ஒரு சிறிய இடைக்கால வீடு என்று கருதித் தனியாக நிறுத்தியிருந்தார்கள். பின்னர் ஆராய்ந்தபோது அது குடியிருப்பு அல்ல, பண்ணை வீட்டுக்குத் துணையாக நின்ற சமையற்கட்டு என்று தெரியவந்தது. அதனால் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை இரண்டாம் முறையாகக் கழற்றி வளாகத்துக்குள்ளேயே வேறிடத்துக்குக் கொண்டுபோய், டியூடர் காலச் சமையல் செய்துகாட்டும் கூடமாக அமைத்தார்கள். இப்போது அங்கே விறகடுப்பில் சமையல் நடக்கிறது.