திருவிதாங்கூர் இசைத் தடங்கள் – 14
மெட்டுத் தேடிய பாகவதர்

ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் 1877-இல் பிறந்தவர். ஹரிகதையில் கொடிகட்டிப் பறந்து, மைசூர் ஆஸ்தான வித்துவானாகி, சாமுண்டாம்பாள் மீது 108 கிருதிகள் பாடி முடித்த பிறகுதான் திருவனந்தபுரம் அவரை வரலாற்றாசிரியராக்கியது. அழைத்தவர் மகாராணி சேது பார்வதி பாய். ஒப்படைத்த வேலை, சுவாதித் திருநாள் கிருதிகளை மீட்பது.

மன்னர் 1846-இல் மறைந்து தொண்ணூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. சாகித்தியம் கைக்குக் கிடைத்தது. பல உருப்படிகளுக்கு மெட்டைக் காணோம். நவராத்திரி மண்டபத்தில் நாளுக்கு ஒன்றாகப் பாடப்படும் ஒன்பது கிருதிகளுக்கு அந்தக் கவலை இல்லை. முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி என்று ராகம்கூட நாளோடு கட்டுண்டது. கோயில் வழக்கத்தில் முல்லமூடு பாகவதர்கள் பாடிக் காத்தவையும் இருந்தன. மற்றவற்றில் மெட்டு அகப்படாத இடத்தில் புதிதாக வர்ணமெட்டு அமைத்தார்கள். பாகவதர் தொடங்கிய இந்தப் பணியைச் செம்மங்குடி சீனிவாச ஐயர் தொடர்ந்தார்.

சிக்கலும் இங்கேதான் முளைத்தது. கர்ணரஞ்சனி, விஜயநாகரி போன்ற ராகங்களை உலவவிட்ட கை அது, சும்மா இருக்குமா? வரலாற்றாசிரியர் நிற்க வேண்டிய இடத்தில் வாக்கேயக்காரர் புகுந்துவிட்டார். பாட்டுகள் மேடையேறின, நிலைத்தும் விட்டன. ஆனால் எது பழைய மெட்டு, எது புதியது என்ற கோடு பின்வந்த ரசிகர்களுக்கு மங்கலாகவே தெரிந்தது.

1980-களில் வீணை எஸ். பாலசந்தர் இதைப் பிடித்துக்கொண்டார். மெட்டைச் சந்தேகித்ததோடு நிறுத்தியிருந்தால் அது நியாயமான கேள்வி. சுவாதித் திருநாள் என்ற வாக்கேயக்காரரே கட்டுக்கதை என்றது அத்துமீறல். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834-இல் தந்தத்தால் இழைத்த வயலினைப் பரிசளித்த அரசவையை அவ்வளவு சுலபமாக மாயமாக்க முடியாது. செம்மங்குடி மீது விழுந்த வசவுகளும் அளவுக்கு மிஞ்சியவை.

1939-இல் சுவாதித் திருநாள் சங்கீத அகாதமி தொடங்கியபோது பாகவதரே அதன் முதல் முதல்வர். ‘சங்கீத கல்பத்ருமம்’ நூலுக்காக 1943-இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. 1945-இல் மைசூரில் காலமானார். இந்த வாரம் சொல்வதாக இருந்தது அந்த நூலின் கதையைத்தான். மெட்டுத் தகராறு இடத்தை எடுத்துக்கொண்டதால் அது அடுத்த இதழில்.