பரங்கிமலைப் பீரங்கியும் சப்தத்தின் வேகமும்

கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில், சென்னைப் பட்டணத்துப் புனித ஜார்ஜ் கோட்டையிலும், சென்னைப் பீரங்கிப் படையின் தலைமை இடமாகிய பரங்கிமலையிலும், காலையும் மாலையும் பீரங்கி வெடிப்பது வழக்கமாயிருந்தது. பட்டணத்து ஜனங்களுக்கு நித்திய சம்பவமாகிவிட்ட அந்த முழக்கத்தையே விஞ்ஞான பரிசோதனைக்கு உரிய சாதனமாக்கிக் கொண்டவர், நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாராய்ச்சி நிலையத்தின் தலைவராயிருந்த ஜான் கோல்டிங்ஹாம் என்னும் வான சாஸ்திரி ஆவார்.

சப்தம் என்பது காற்றில் பரவும் அலை. காற்றின் அணுத்திரள்கள் இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் அசைய, அவற்றின் நெருக்கமும் விலக்கமும் மாத்திரமே தொலைதூரம் பிரயாணம் செய்கின்றன. இவ்வலையின் வேகத்தைக் கணிதத்தினாலேயே கண்டறிய முயன்ற நியூட்டன், 1713-இல் வெளிவந்த தமது நூலின் இரண்டாம் பதிப்பில், வினாடிக்கு 979 அடி என்று கணக்கிட்டார். ஆயினும் இங்கிலாந்தில் டெர்ஹாம் என்பவர் பீரங்கி வெடித்து அளந்து கண்டதோ 1,142 அடி. நெருக்குண்ட காற்று அக்கணத்திலேயே சூடேறுகிறது என்பதையும், அச்சூடே அலையை விரைவுபடுத்துகிறது என்பதையும் 1816-இல் லாப்லாஸ் எடுத்துக் காட்டிய பின்னரே இவ்வேற்றுமை தீர்ந்தது.

இந்தப் பின்னணியில்தான் 1820, 1821-ஆம் ஆண்டுகளில் சென்னைப் பரிசோதனைகள் நடந்தன. நிலையத்திலிருந்து கோட்டை இரண்டரை மைலுக்குச் சற்று அதிகமான தூரத்திலும், பரங்கிமலை ஏறக்குறைய ஐந்தரை மைல் தூரத்திலும் இருந்தமையால், வெடியின் ஒளி கண்ணுக்குப் பட்டதற்கும் ஓசை செவிக்கு எட்டியதற்கும் இடையே, முன்னதில் சுமார் 12 வினாடியும் பின்னதில் சுமார் 26 வினாடியும் கழிந்தன. ஒளி அத்தூரத்தைக் கணப்பொழுதில் கடந்துவிடுவதால், இவ்விடைவேளையே சப்தத்தின் பிரயாண காலமாயிற்று. கோல்டிங்ஹாம் காலத்தை மாத்திரம் குறிக்கவில்லை. உஷ்ணநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம், காற்று வீசும் திசை ஆகியவற்றையும் பல மாதங்கள் சலியாமல் குறித்து வந்தார். ஒரே நாளில் அளந்து முடிவு கூறியிருந்தால் மறைந்தே போயிருக்கக்கூடிய உண்மை, இந்தப் பொறுமையினால் புலப்பட்டது: கோடையில் சப்தம் விரைகிறது, மார்கழி, தை மாதங்களில் தளர்கிறது. உஷ்ணம் ஒரு டிகிரி சென்டிகிரேடு உயர்ந்தால் வினாடிக்கு ஏறத்தாழ 2 அடி வேகம் கூடுகிறது என்று இன்று நாம் அறிவோம்.

அதே கோல்டிங்ஹாம் 1821-இல், சென்னையில் வினாடி ஊசலின், அதாவது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல ஒரு வினாடி கொள்ளும் ஊசலின், நீளத்தையும் நிர்ணயித்தார். துருவங்களை நோக்கின் பூமத்திய ரேகைக்கு அருகே புவியீர்ப்பு சிறிது குறைவாகையால், ஒரே ஊசல் இங்கே மெதுவாக ஆடும். ஆகவே பூமியின் உருவத்தை ஆராய்ந்தவர்களுக்குப் பூமத்திய ரேகையை அடுத்த ஊர்களின் அளவுகள் இன்றியமையாதனவாயின. இவ்விரு ஆராய்ச்சிகளும் லண்டன் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் முறையே 1823-இலும் 1822-இலும் அச்சேறின.

வானாராய்ச்சிப் பணி 1899-இல் கோடைக்கானலுக்கு மாறிற்று. நுங்கம்பாக்கத்தில், வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்தில், பழைய நிலையத்தின் கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. அலையையும் ஊசலையும் பாடப்புத்தகத்தில் மாத்திரம் காட்டி நிறுத்தாமல், அவை இந்நகரிலேயே அளக்கப்பட்ட வரலாற்றையும் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்வது ஆசிரியர்களின் கடமையாகும்.