இன்னும் எழுதாத புத்தகம் யாருக்குச் சொந்தம்?

பதிப்பக ஒப்பந்தங்கள் சிலவற்றில் ஒரு வரி இருக்கும். ஆசிரியர் அடுத்து எழுதும் நூலையும் முதலில் எங்களுக்கே தர வேண்டும் என்கிற மாதிரி. முதல் புத்தகம் அச்சில் வரப்போகிற சந்தோஷத்தில் யார் அதையெல்லாம் படிக்கிறார்கள்? கையெழுத்துப் போட்டு விடுகிறார்கள். இது நியாயமா என்று சில பழைய கதைகளைப் புரட்டிப் பார்ப்போமே.

முதலில் நம்ம பாரதி. எங்கள் பென்னாகரம் வட்டத்துப் பாப்பாரப்பட்டியில் 1925-ல் காலமான சுப்பிரமணிய சிவா நடத்திய 'ஞானபாநு'வில் எழுதியவர். 1921-ல் பாரதி இறந்த பிறகு அவருடைய எழுத்தின் உரிமை கை மாறிக்கொண்டே இருந்தது. 1934-ல் பாடல்களை ஒலிபரப்பும், இசைத்தட்டில் பதியும் உரிமை மட்டும் தனியாக ஜேசிங்லால் மேத்தா என்ற வியாபாரிக்குச் சில நூறு ரூபாய்க்குப் போனது. தமிழ் பேசும் படம் வந்து அப்போது மூன்றே வருடம். பிறகு அது ஏ.வி.மெய்யப்பன் கைக்கு வந்தது. 1947-ல் 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. அடுத்த வருடம் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு ஒன்றை வைத்ததும் சட்டத் தகராறு கிளம்பியது. பாரதி பாட்டைப் பாட ஒரு கம்பெனியிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்று ஊரே கொதித்தது. 1949-ல் சென்னை மாகாண அரசு உரிமையை வாங்கிக் கொண்டது. மெய்யப்பன் பணம் வாங்காமலே விட்டுக் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இங்கே விற்கப்பட்டது எழுதி முடித்த பாட்டு. அதன் வருங்கால மதிப்புதான் யாருக்கும் தெரியவில்லை. எழுதாததையே விற்றால்?

இங்கிலாந்தில் அப்படி நடந்தது. டோனி மெக்காலே என்ற 21 வயதுப் பாடலாசிரியர் 1966-ல் ஷ்ரோடர் என்ற இசைப் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டார். அடுத்த ஐந்து வருடம் எழுதும் எல்லாப் பாட்டும் அவர்களுக்கே. முன்பணம் 50 பவுண்டு. ராயல்டி 5,000 பவுண்டைத் தாண்டினால் இன்னும் ஐந்து வருடம் தானாக நீளும். நன்றாக எழுதினால் சிறை நீளும் என்று அர்த்தம்! பதிப்பகம் ஒரு மாத நோட்டீஸில் விலகலாம், எழுதியவர் விலக முடியாது. இதில் கொடுமை, எந்தப் பாட்டையும் வெளியிட வேண்டிய கட்டாயம் பதிப்பகத்துக்குக் கிடையாது. வாங்கி அலமாரியில் பூட்டி வைக்கலாம். 1974-ல் பிரபுக்கள் சபை இந்த ஒப்பந்தம் செல்லாது என்றது.

நம் நாட்டில் இதற்குப் பக்கத்தில் வரும் வழக்கு எழுத்தாளருடையது அல்ல, ஜாகீர் கானுடையது :-) பெர்செப்ட் நிறுவனத்தோடு 2000-ல் போட்ட மூன்று வருட ஒப்பந்தம் முடிந்த பிறகும், வேறு யாராவது வாய்ப்புத் தந்தால் முதலில் தங்களிடம் காட்ட வேண்டும், அதே தொகையைத் தாங்கள் தர முன்வரலாம் என்பது நிபந்தனை. அடுத்த புத்தகம் எங்களுக்கே என்பதன் அண்ணன்தானே இது? 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27-ம் பிரிவைக் காட்டி, ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு இது செல்லாது என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. காலம் முடிவதற்குள் கட்டிப் போடுவது வேறு விஷயம். அதை நீதிமன்றங்கள் பெரும்பாலும் ஏற்கின்றன.

பதிப்பாளர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. புதியவரின் முதல் நூலில் கையைச் சுட்டுக் கொண்டவருக்கு, அவர் பெயர் எடுத்த பிறகு வரும் இரண்டாவது நூலில் ஆசை இருக்காதா? ஒரு நூல், ஒரு குறிப்பிட்ட காலம் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. எண்ணிக்கையும் தேதியும் இல்லாமல் எழுதப்படும் வரியைத்தான் ஏற்க முடியவில்லை.

நம் பதிப்புரிமைச் சட்டம் (1957) இன்னும் எழுதாத நூலின் உரிமையையும் எழுதிக் கொடுக்க அனுமதிக்கிறது. ஆனால் நூல் உருவான பிறகுதான் அது செல்லுபடியாகும். 2012 திருத்தத்துக்குப் பின், ஒப்பந்தம் போட்டபோது இல்லாத ஊடகத்துக்கு அந்த உரிமை தானாகப் போகாது, குறிப்பாக எழுதியிருந்தால் தவிர. உரிமை வாங்கியவர் ஒரு வருடம் அதைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதி. அதிலும் 'ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாத பட்சத்தில்' என்று ஒரு வால் இருக்கிறது. அந்த வேறுவிதத்தை எழுதுவது யார்? ஒப்பந்தத்தை டைப் அடித்துக் கொண்டு வருபவர்தான்.