நின்ற நாள் யார் கணக்கில்?

ஒடிசாவின் பாரதீப்பில் ஏற்றிய நிலக்கரி தூத்துக்குடிக்கு வந்து சேரக் கப்பல் சில நாட்கள் ஓடினால் போதும். ஆனால் ஓடிய நாட்களைவிட நின்ற நாட்கள் அதிகமாகிவிடுவது கடல் வணிகத்தில் புதிதில்லை. ஏற்றும் துறைமுகத்தில் பெர்த், அதாவது கரையணையும் இடம், கிடைக்கும்வரை வெளியே நங்கூரத்தில் நிற்கும். மழை வந்தால் சரக்கறைகளின் மூடியைச் சாத்திவிட்டுக் காத்திருக்கும். இறக்குமிடத்தில் கன்வேயர் பழுதானால் மறுபடியும் நிற்கும். நிற்கிற கப்பலிலும் மாலுமிக்குச் சம்பளம் உண்டு, ஜெனரேட்டருக்கு எண்ணெய் உண்டு, கப்பல் வாங்கிய கடனுக்கு வட்டி உண்டு. இந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதைக் கப்பலை அமர்த்தியபோது போட்ட ஒப்பந்தம்தான் முடிவு செய்கிறது.

அந்த ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு வகை. முதலாவது பயண வாடகை, அதாவது வாயேஜ் சார்ட்டர். இரண்டாவது கால வாடகை, அதாவது டைம் சார்ட்டர். லோடுக்கு இவ்வளவு என்று லாரி பேசுவதற்கும், அதே லாரியை டிரைவரோடு மாத வாடகைக்கு அமர்த்துவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. பயண வாடகையில் சரக்குக்காரர் டன்னுக்கு இவ்வளவு என்று கூலி தருகிறார். கப்பலின் எரிபொருள், துறைமுகக் கட்டணம், கால்வாய்க் கட்டணம் எல்லாம் கப்பல் முதலாளியுடையவை. கால வாடகையில் நாளுக்கு இவ்வளவு டாலர் என்று முன்பணமாகக் கட்டிக்கொண்டே வரவேண்டும். எரிபொருளும் துறைமுகச் செலவும் வாடகைக்கு எடுத்தவர் பொறுப்பு; மாலுமிகள், காப்பீடு, பழுதுபார்ப்பு முதலாளியின் பொறுப்பு. கப்பல் எங்கே போகவேண்டும், எதை ஏற்றவேண்டும் என்று ஆணையிடும் உரிமையும் வாடகைக்கு எடுத்தவருக்கே. முதல் வகைக்கு பிம்கோ என்ற கப்பல் வணிக அமைப்பின் ஜென்கான் படிவமும், இரண்டாம் வகைக்கு 1913இல் பிறந்த நியூயார்க் புரொடியூஸ் எக்ஸ்சேஞ்ச் படிவமும் உலகமெங்கும் புழங்குகின்றன.

செலவுப் பட்டியலைப் பார்த்தாலே இவ்வளவும் தெரிந்துவிடும். ஆழமான வேறுபாடு, வீணாகும் நேரத்தை இரண்டும் எப்படி எழுதி வைக்கின்றன என்பதில் இருக்கிறது.

பயண வாடகையில் ஏற்றவும் இறக்கவும் சரக்குக்காரருக்கு ஒரு கெடு உண்டு. லேடைம் என்பார்கள். கப்பல் வந்து சேர்ந்ததும் கேப்டன் தயார்நிலை அறிவிப்புக் கொடுக்கிறார். குறித்த மணி நேரம் கழித்துக் கெடு ஓடத் தொடங்குகிறது. கெடு தாண்டினால் நாளுக்கு இவ்வளவு என்று டெமரேஜ். முன்னதாக முடித்துவிட்டால் கப்பல் முதலாளி டெஸ்பாட்ச் என்ற பரிசுத் தொகை தருகிறார், பெரும்பாலும் டெமரேஜில் பாதி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60,000 டன் நிலக்கரி, நாளுக்கு 15,000 டன் இறக்கவேண்டும் என்று ஒப்பந்தம். அப்படியானால் கெடு 4 நாள். கப்பல் 3 நாள் வெளியே காத்திருந்து, 5 நாளில் இறக்கி முடிக்கிறது. மொத்தம் 8 நாள், கெடு தாண்டியது 4 நாள். டெமரேஜ் நாளுக்கு 15,000 டாலர் என்றால் 60,000 டாலருக்குத் தனியாக ஒரு பில் வந்து நிற்கும். கெடுவுக்குள் இருக்கும்வரை பொதுவாக மழை நேரத்தைக் கழித்துக்கொள்ளலாம். டெமரேஜ் ஒருமுறை தொடங்கிவிட்டால் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தாலொழிய மழைக்கும் சலுகை கிடையாது.

அதே 8 நாளைக் கால வாடகையில் வைத்துப் பாருங்கள். நாள் வாடகை 15,000 டாலர் என்றால் 1,20,000 டாலர் போயிருக்கும். வீணான 4 நாள் அதற்குள்ளேதான் இருக்கிறது. ஆனால் அது வீண் என்று சொல்ல ஒரு காகிதமும் பிறப்பதில்லை. வாடகை வாடகையாகவே கட்டப்பட்டுவிடுகிறது.

பயண வாடகையின் பில் தெளிவானது என்பதால் அதில் சண்டை இல்லை என்று நினைக்கக்கூடாது. கெடு எப்போது தொடங்குகிறது என்ற ஒரே கேள்விக்காக வழக்குகள் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபைவரை போயிருக்கின்றன. ‘யோஹன்னா ஓல்டன்டார்ஃப்’ என்ற தானியக் கப்பல் லிவர்பூல் துறைமுகத்தில் பெர்த்திலிருந்து 17 மைல் தள்ளி நங்கூரமிட்டுக் காத்திருந்தது. அது வந்து சேர்ந்த கப்பலா, இன்னும் வழியில் இருக்கும் கப்பலா? வழக்கமாகக் கப்பல்கள் காத்திருக்கும் இடம் துறைமுக எல்லைக்குள் இருந்து, கப்பலும் சரக்குக்காரர் அழைத்தவுடன் வரத் தயாராக இருந்தால் அது வந்து சேர்ந்ததுதான் என்று 1973இல் தீர்ப்பானது. அந்த 17 மைல் யாருடையது என்பதில் எத்தனை நாள் பணம் கைமாறும் என்பதை நினைத்தால் வழக்கின் எடை புரியும்.

‘இட்டர்னல் பிளிஸ்’ வழக்கு இன்னும் கூர்மையானது. பிரேசிலிலிருந்து சோயா மொச்சை ஏற்றிவந்த கப்பல், 2015இல் சீனாவின் லொங்கோவ் துறைமுகத்துக்கு வெளியே 31 நாள் நிறுத்தப்பட்டது. துறைமுகத்தில் நெரிசல், கரையில் சரக்கை வைக்க இடமில்லை. மூடிகளைத் திறந்தபோது மொச்சை கட்டிபிடித்துப் பூசணம் பூத்திருந்தது. சரக்கின் சொந்தக்காரர்களுக்குக் கப்பல் முதலாளி சுமார் 11 இலட்சம் டாலர் கொடுத்துவிட்டு, அதை வாடகைக்கு எடுத்தவரிடம் கேட்டார். டெமரேஜ் போக இதையும் கேட்கலாமா? கெடு தாண்டிய குற்றத்துக்கு டெமரேஜ்தான் முழு இழப்பீடு, அதற்குமேல் கேட்க வேறொரு மீறலைக் காட்டவேண்டும் என்று 2021இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அப்படியென்றால் பயண வாடகையில் நேரத்துக்கு முன்கூட்டியே ஒட்டிய விலைச்சீட்டு உண்டு. நட்டம் எவ்வளவு பெரிதானாலும் அந்தச் சீட்டில் உள்ளதுதான் விலை. எனக்கு இது கப்பல் முதலாளிக்குக் கடுமையான தீர்ப்பாகத்தான் படுகிறது. ஆனால் வியாபாரம் செய்பவருக்கு நிச்சயத்தைத் தருகிறது என்பதை மறுக்க முடியாது.

கால வாடகையில் வாடகை நிற்பது பெரும்பாலும் ஒரே காரணத்துக்காகத்தான்: கோளாறு கப்பலுடையதாக இருக்கவேண்டும். எஞ்சின் நின்றது, கிரேன் உடைந்தது என்றால் ஆஃப்-ஹயர், வாடகை ஓடாது. பெர்த் கிடைக்கவில்லை, மழை, துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் என்றால் பொதுவாக வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். இந்தக் கோட்டின் மேல் நடந்த புகழ்பெற்ற வழக்கு ‘ஹாங்காங் ஃபிர்’ கப்பலுடையது. 1957 பிப்ரவரியில் 24 மாதக் கால வாடகைக்கு ஒப்படைக்கப்பட்ட கப்பல், அமெரிக்காவின் நியூபோர்ட் நியூஸில் நிலக்கரி ஏற்றி ஜப்பானின் ஒசாகாவுக்குப் புறப்பட்டது. பழைய எஞ்சின், திறமையில்லாத எஞ்சின் அறை ஆட்கள். வழியில் ஏறத்தாழ 5 வாரம் ஆஃப்-ஹயர், ஒசாகாவில் மேலும் 15 வாரம் பழுதுபார்ப்பு. ஒப்பந்தமே வேண்டாம் என்று வாடகைக்கு எடுத்தவர் உதறினார். மீதி 17 மாதம் கப்பல் ஓடத் தயாராக இருக்கும்போது உதறியது தவறு என்றது நீதிமன்றம். தீர்ப்பைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் சட்டக் கோட்பாட்டோடு நின்றுவிடுகிறார்கள். சந்தை விலையையும் பார்க்கவேண்டும். சூயஸ் நெருக்கடிக் காலத்தில் பிப்ரவரியில் டன்னுக்கு 47 ஷில்லிங்காக இருந்த வாடகை ஜூன் நடுவில் 24 ஷில்லிங், ஆகஸ்டில் பதின்மூன்றரை. பழைய விலைக்கு எடுத்த கப்பல் கழுத்தை இறுக்கும்போது எஞ்சின் கோளாறு ஒரு வாசலாகத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கால வாடகையின் உள்ளிருப்பது இதுதான். கப்பலை எடுக்கிறவர் சரக்கை நகர்த்துவதோடு, நாளைய சந்தை விலையின் மீது பந்தயமும் வைக்கிறார். மொத்தச் சரக்குக் கப்பல்களின் வாடகையை அளக்கும் பால்டிக் உலர்சரக்குக் குறியீடு 2008 மே 20 அன்று 11,793இல் நின்றது. அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று 663. பெரிய கேப்சைஸ் கப்பலின் நாள் வாடகை அந்தக் கோடையில் 2 இலட்சத்து 30 ஆயிரம் டாலரைத் தாண்டி, ஆண்டு முடிவதற்குள் சில ஆயிரங்களுக்கு விழுந்தது. உச்சத்தில் பயண வாடகைக்கு ஒப்பந்தம் போட்டவருக்கு ஒரு பயணத்தோடு நட்டம் முடிந்தது. பல ஆண்டுக் கால வாடகைக்கு எடுத்தவர்களுக்கு அது தினசரிக் கடனாக நின்றது. அதிக விலைக்குக் கப்பல்களை எடுத்துக் குவித்திருந்த கொரியா லைன் 2011 ஜனவரியில் நீதிமன்றப் பாதுகாப்பைத் தேடிப் போனது.

விலை ஏறும்போது பிரச்சினை மறுபக்கம் திரும்பும். ‘அக்கிலியஸ்’ கப்பலை 2004 மே 2க்குள் திருப்பித் தரவேண்டும். வாடகை நாளுக்கு 16,750 டாலர். ஏப்ரலில் சந்தை இரட்டிப்பாகியிருந்தது. முதலாளி அடுத்த வாடகையாக கார்கில் நிறுவனத்தோடு நாளுக்கு 39,500 டாலருக்குப் பேசி முடித்தார். கப்பலை மே 8க்குள் கொடுத்தாகவேண்டும். ஆனால் பழைய வாடகைக்காரர் கடைசியாக அனுப்பிய பயணம், சிங்தாவிலிருந்து ஜப்பானுக்கு நிலக்கரி, இறக்குமிடத்தில் தாமதப்பட்டது. கப்பல் கைக்கு வந்தது மே 11. அதற்குள் சந்தை இறங்கிவிட்டதால் கார்கில் விலையை 31,500 ஆகக் குறைத்தது. நாளுக்கு 8,000 டாலர் நட்டம், புதிய ஒப்பந்தக் காலம் முழுவதற்கும். முதலாளி கேட்டது 13 இலட்சத்து 64 ஆயிரத்துச் சொச்சம் டாலர். வாடகைக்காரர் ஒப்புக்கொண்டது, தாமதமான ஒன்பது நாளுக்குச் சந்தை விலைக்கும் ஒப்பந்த விலைக்கும் உள்ள வித்தியாசம்: 1,58,301 டாலர். வழக்கை முதலில் விசாரித்த நடுவர்களில் பெரும்பான்மையும் கீழ் நீதிமன்றங்களும் பெரிய தொகையைத் தந்தன. 2008இல் பிரபுக்கள் சபை சிறிய தொகைதான் சரி என்றது. அடுத்த ஒப்பந்தத்தின் நட்டத்தையும் சேர்த்துச் சுமக்க வாடகைக்காரர் சம்மதித்ததாகக் கப்பல் வணிகத்தில் யாரும் எண்ணுவதில்லை என்பது அதன் வாதம். ஒரு ஜப்பானியத் துறைமுகத்தில் இறக்கத் தாமதமான நிலக்கரி, பன்னிரண்டு இலட்சம் டாலர் வித்தியாசமுள்ள வழக்காகிவிட்டது. பயண வாடகையில் இதே தாமதத்துக்கு டெமரேஜ் எழுதிக் கணக்கை மூடியிருப்பார்கள்.

எரிபொருள் விஷயத்தில் நிலைமை தலைகீழ். இங்கே பயண வாடகைதான் வீணடிக்கிறது. கப்பல் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் நாளொன்றுக்கான எரிபொருள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும். ஆனால் பயண வாடகை தாமதமின்றி ஓடவேண்டும் என்று முதலாளியைக் கட்டிப்போடுகிறது. முந்தி வந்தவருக்கு முதல் பெர்த் என்ற வழக்கமும், வந்து அறிவிப்புக் கொடுத்தால்தான் கெடு ஓடும் என்ற விதியும் அவரை விரட்டுகின்றன. எண்ணெயை எரித்து ஓடிவந்து வரிசையில் நிற்பது அவருக்கு லாபம். 2007 ஜூனில் ஆஸ்திரேலியாவின் நியூகாசிலுக்கு வெளியே ஐம்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் நிலக்கரிக்காக இப்படி நின்றிருந்தன. புயலில் அவற்றில் ஒன்றான ‘பாஷா பல்கர்’ நகரத்துக் கடற்கரையிலேயே தரைதட்டியது. கால வாடகையில் எண்ணெய் விலையும் நேரத்தின் விலையும் ஒரே கையில் இருப்பதால், பெர்த் இல்லையென்று தெரிந்தால் மெதுவாக வா என்று சொல்லிவிடலாம். ஆனால் அங்கேயும் ஓர் ஓட்டை உண்டு: கப்பலின் அடிப்பகுதிக்கு நல்ல பூச்சு அடிக்கவேண்டியவர் முதலாளி, அதனால் மிச்சமாகும் எண்ணெயின் பலன் வாடகைக்காரருக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2024 முதல் கப்பல் புகைக்குக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியபோது இந்தப் பிளவைக் கவனித்திருக்கிறது. கட்டவேண்டியவர் கப்பலை நடத்தும் நிறுவனம். எரிபொருளை வாங்கி ஓட்டத்தைத் தீர்மானித்தவரிடம் அதைத் திரும்பப் பெறும் உரிமையும் அதற்கு உண்டு.

இனி நம் கரைக்கு வருகிறேன். 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தைக் கன்னியாகுமரிப் படகுச் சவாரியோடு மட்டுமே பலர் சேர்த்து நினைக்கிறார்கள். அதன் பெரிய வேலை மின்வாரியத்தின் நிலக்கரி. ‘தமிழ் அண்ணா’, ‘தமிழ் பெரியார்’, ‘தமிழ் காமராஜ்’ என்று ஒரு காலத்தில் சொந்தக் கப்பல்கள் வைத்திருந்தது. வெளிக் கப்பல்களைக் கால வாடகைக்கும் எடுத்து வந்திருக்கிறது. தூத்துக்குடியில் தலா 210 மெகாவாட் கொண்ட ஐந்து அலகுகளுக்கும், 2001இல் திறந்த எண்ணூர் துறைமுகம் வழியாக வடசென்னைக்கும் ஆண்டு முழுவதும் நிலக்கரி வந்துகொண்டே இருக்கவேண்டும். இப்படி நிற்காமல் ஓடும் சரக்குக்குக் கால வாடகைதான் பொருத்தம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் சந்தைக்குப் போய் நின்றால் 2008 போன்ற ஆண்டில் மின்கட்டணம் தாங்காது.

ஆனால் அந்தத் தேர்வு தன்னோடு ஒரு குருட்டுத்தன்மையையும் கொண்டுவருகிறது. ஏற்றுமிடத்துத் தாமதம், கன்வேயர் பழுது, நிலக்கரிக் கிடங்கில் இடமின்மை எல்லாம் வாடகை என்ற ஒரே தலைப்புக்குள் கரைந்துபோகும். கப்பலும் அரசு சார்பில், இறக்குமிடமும் அரசு சார்பில் என்றால் டெமரேஜ் பில் அனுப்ப எதிர்த்தரப்பே கிடையாது. தாமதத்துக்குப் பொறுப்பான பிரிவுக்கு அதன் விலை தெரியாமலேயே போய்விடும். கடைசியில் கட்டணம் கட்டுகிறவர்தான் சுமப்பார். இதற்கு மருந்து பயண வாடகையின் பழைய ஒழுங்கிலேயே இருக்கிறது. கால வாடகைக் கப்பலுக்கும் ஒவ்வொரு பயணத்திலும் லேடைம் கணக்குப் போடலாம்: எப்போது வந்தது, எப்போது பெர்த் கிடைத்தது, எத்தனை மணி நேரம் மழை, எத்தனை மணி நேரம் பழுது. இந்த விவரமெல்லாம் துறைமுக ஏஜென்ட் எழுதும் நேரக்குறிப்பில் ஏற்கெனவே இருக்கிறது. கெடு தாண்டிய மணிகளை நாள் வாடகையால் பெருக்கி, ஏற்றுமிடம், இறக்குமிடம், மின்நிலையம் என்று பிரித்து, கழகத்தின் ஆண்டறிக்கையில் மூன்று தொகைகளாக அச்சிட வேண்டும்.