ஆயா ரூம் டிம்மர்

போன வாரம் பரணை ஒதுக்கும்போது பழைய டிம்மர் ஒண்ணு கிடைச்சுது. ஃபேன் ரெகுலேட்டர் மாதிரியே குமிழ். பார்த்ததும் ஆயா ஞாபகம்.

2009. சங்கராபுரம் அப்போ விழுப்புரம் மாவட்டம் (கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019ல்). கண்புரை ஆபரேஷனுக்கப்புறம் ஆயாவுக்கு வெளிச்சம் கூசும், இருட்டுன்னா பயம். அதனால் அவங்க ரூமில் 60 வாட்ஸ் குண்டு பல்பு, கூடவே டிம்மர். ராத்திரி மங்கலாக எரியும்.

அந்த வருஷம்தான் மத்திய அரசு 'பச்சத் லேம்ப் யோஜனா' கொண்டுவந்தது. குண்டு பல்பும் 15 ரூபாயும் கொடுத்தால் சி.எஃப்.எல். எங்கும் சிக்கனப் பேச்சு. நானும் கடைவீதியில் ஒரு 11 வாட்ஸ் வாங்கி மாட்டினேன். குமிழைத் திருகினால் விட்டு விட்டு மின்னுது, 'உய்ங்'னு சத்தம் வேற. "என்னடா இது, பேய் வெளக்கு! அமத்துடா"ன்னுட்டாங்க ஆயா. மூணாம் நாள் இருட்டில் தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிஞ்சுது.

தப்பு யார் மேல? கொஞ்சம் சரித்திரம்.

பழைய டிம்மர்கள் மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிப்பவை. 1959ல் அமெரிக்காவின் ஜோயல் ஸ்பைரா, சுவர்ப் பெட்டிக்குள் அடங்கும் டிம்மரைக் கண்டுபிடித்தார். அது ஒவ்வொரு மின் அலையிலும் ஒரு துண்டை வெட்டிவிடும். நம்மூர் மின்சாரத்தில் நொடிக்கு 100 வெட்டு! குண்டு பல்பின் இழை அதற்குள் ஆறாது, அதனால் கண்ணுக்குத் தெரியாது.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1976ல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் எட் ஹாமர் சுருள் சி.எஃப்.எல். செய்தார். 1980ல் பிலிப்ஸ் தன் சி.எஃப்.எல்.லை விற்பனைக்கே கொண்டுவந்தது. இதற்குள்ளே ஒரு குட்டி சர்க்யூட், மின்சாரத்தைச் சேர்த்து வைத்துச் செலவழிக்கும். வெட்டுப்பட்ட அலையில் அதற்கு வயிறு நிறையாது. அணையும், எரியும், அணையும். போதாததுக்கு, பல டிம்மர்களுக்குக் குறைந்தது 40 வாட்ஸாவது சுமை வேணும். 11 வாட்ஸ் எந்த மூலைக்கு?

ஆக, டிம்மர் குண்டு பல்பை நம்பிப் பிறந்தது. பல்பை மட்டும் மாத்தினோம். அதுக்கு மேலே சுவரில் இருந்ததை யாரும் யோசிக்கலை, நான் உட்பட.

2015ல் உஜாலா திட்டத்தோடு எல்.இ.டி. பரவியபோதும் இதே கதைதான். 'டிம்மபிள்' என்று அட்டையில் போட்டிருக்கணும், டிம்மரும் எல்.இ.டி.க்கு ஏற்றதாக இருக்கணும். இல்லையா, அரை வாட்ஸ் நைட் லேம்ப் ஒண்ணு தனியா மாட்டிடுங்க.

நான் அன்னிக்கு சாயங்காலமே குண்டு பல்பைத் திரும்ப மாட்டினேன். ஆயா கட்டுப் போட்ட கையோடு, "இதாண்டா வெளக்கு"ன்னாங்க.