இறகுதிர் காலத்து அளகு: மேட்டுப்பாளையம் அடிவாரத்தில் புறக்கடைக் கோழியும் பனிக்காலமும்

ஆய்வுச் சுருக்கம்

கொங்கு நாட்டுக் கால்நடை வரலாறு பெரிதும் காங்கேயம் மாட்டைச் சுற்றியே எழுதப்பட்டுள்ளது. வீட்டுப் புறக்கடையில் பெண்கள் வளர்த்த கோழி அவ்வரலாற்றில் இடம்பெறவில்லை. கார்த்திகை முதல் தை வரையிலான குளிரில் இறகுதிர்க்கும் கோழியைப் பேணும் முறையை, இலக்கியம், நிறுவன வரலாறு, பறவை உடலியல் ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புறக்கடைக் கோழி, இறகுதிர்வு, மேட்டுப்பாளையம், வெள்ளைக் கழிச்சல், கறையான்.

சேவலுக்குக் கல், பெட்டைக்குச் சொல்

தமிழ்ச் சான்றுகளில் சேவலுக்குக் குறைவில்லை. அரசலாபுரம், இந்தளூர் ஆகிய ஊர்களில் போரில் இறந்த சேவல்களுக்கு வட்டெழுத்துப் பொறிப்புடன் நடுகற்கள் எடுக்கப்பட்டன. உறையூர் ‘கோழி’ என்றே பெயர் பெற்றது. பெட்டைக் கோழிக்கு வாய்த்தது ஓர் இலக்கணக் குறிப்பு மட்டுமே: தொல்காப்பிய மரபியல் கோழியின் பெண்பாலுக்கு ‘அளகு’ என்னும் பெயரை உரிமையாக்குகிறது. முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பொரித்து, ஆண்டுக்கொரு முறை இறகை இழந்து மீண்டும் வளர்த்துக்கொள்ளும் அதன் வாழ்வை எழுதியவர் அரியர்.

பனிக்காலப் பறவையைக் கூர்ந்து நோக்கிய பழம்பாடல் நெடுநல்வாடை. கூதிர்க்காலக் குளிரில் மனைப்புறா இரை தேடப் போகாமல், இரவும் பகலும் மயங்கி, தங்கிய பலகையிலேயே கால் மாற்றி நிற்பதை நக்கீரர் காட்டுகிறார். குளிரில் பறவை ஒரு காலை இறகுக்குள் இழுத்து வெப்ப இழப்பைக் குறைத்துக்கொள்ளும் என இன்றைய உடலியல் கூறுவதோடு இக்காட்சி இசைகிறது. அந்தப் புறாவுக்கு மூடிக்கொள்ள இறகு இருந்தது. அதுவும் இல்லாத பறவையின் நிலையே இக்கட்டுரையின் பொருள்.

அடிவாரத்தின் குளிர்

மேட்டுப்பாளையம் நீலகிரியின் காலடியில் பவானிக் கரையில் அமைந்த ஊர். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் நீண்ட மலை இரயில் இங்கிருந்தே ஏறுகிறது. மேலே உதகையில் உறைபனி படியும் மார்கழி, தை இரவுகளில் அடிவாரத்தில் உறைபனி இல்லை. ஆயினும் மலைச்சரிவில் குளிர்ந்த காற்று இரவில் கீழிறங்குகிறது. வடகிழக்குப் பருவமழையின் ஈரம் தரையில் தங்கியிருக்கிறது. முழு இறகுள்ள கோழிக்கு இக்குளிர் பொருட்டன்று. ஈரமும் காற்றும் சேரும்போது, கழுத்தும் முதுகும் வெறுமையான கோழிக்கு அதுவே பெருஞ்சுமையாகிறது.

இறகுதிர்வைத் தூண்டும் முதன்மைக் காரணி பகற்பொழுது குறைவது. இதில் நிலநேர்க்கோட்டின் வேறுபாட்டைக் கருத வேண்டும். தென் இங்கிலாந்தில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே எட்டு மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு உண்டு. மேட்டுப்பாளையத்தில் அது ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரமே. ஆகவே இங்குள்ள நாட்டுக்கோழிகள் ஒரே வாரத்தில் மந்தையாக இறகுதிர்ப்பதில்லை. அடைகாத்தலும் குஞ்சு பராமரிப்பும் முடிந்த சோர்வு, தீவனக் குறைவு, மழைக்கால மாற்றம் ஆகியவையும் சேர்ந்து ஒவ்வொரு கோழிக்கும் ஒவ்வொரு காலத்தை வகுக்கின்றன. மேலைநாட்டுக் கையேடுகளின் நாட்காட்டி இங்கே பொருந்தாமைக்குக் காரணம் இதுவே.

உதிர்வு பொதுவாகத் தலையில் தொடங்கிக் கழுத்து, மார்பு, உடல் வழியாக இறக்கைக்கும் வாலுக்கும் செல்கிறது. முட்டை நின்றுவிடும். இறகின் பெரும்பகுதி, நூற்றுக்கு எண்பத்தைந்துக்கும் மேல், புரதம். அதிலும் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் மிகுதி. புதிதாக முளைக்கும் குருத்திறகுக்குள் குருதி ஓடுவதால் தொட்டால் வலிக்கும். இறகுதிர்க்கும் கோழியைக் கையில் தூக்காதிருத்தல் முதற்பாதுகாப்பு என்பது இதனால் விளங்கும்.

குடாப்பும் கறையான் பானையும்

ஊர்ப்புறங்களில் குளிர்காலக் காப்பு எளிய பொருள்களால் அமைந்தது. பகலில் மேய்ந்த கோழி இரவில் பஞ்சாரத்திலோ குடாப்பிலோ அடைக்கப்படும். காற்று வரும் பக்கம் பழஞ்சாக்கு தொங்கும், மேற்புறம் திறந்திருக்கும். முழுவதும் மூடினால் எச்சத்தின் ஈரமும் அம்மோனியாவும் உள்ளே தேங்கி மூச்சுக்குழாயைக் கெடுக்கும். பறவையின் உயரத்தில் காற்று அடிக்கக் கூடாது, தலைக்கு மேல் காற்று வெளியேற வேண்டும் என்னும் இன்றைய கொட்டகை விதியும் இதுவே. தரையில் உலர்ந்த நிலக்கடலைத் தோலோ வைக்கோலோ பரப்புவதும், ஈரமானதை அகற்றுவதும், அடுப்புச் சாம்பலைப் புழுதியோடு கலந்து குளிக்க விடுவதும் இம்முறையின் பகுதிகள். சாம்பற் குளியல் பேனைக் குறைக்கும். பேன் கடித்து உதிரும் இறகை இயல்பான இறகுதிர்வு என்று தவறாகக் கருதும் இடரையும் தவிர்க்கும்.

தீவனத்தில்தான் இம்மரபின் நுட்பம் வெளிப்படுகிறது. பழம்பானையில் சாணம், கிழிந்த சாக்கு, காய்ந்த மட்டை ஆகியவற்றை இட்டு, நீர் தெளித்து, மாலையில் தரையில் கவிழ்த்து வைத்தால் மறுநாட் காலையில் கறையான் திரண்டிருக்கும். குஞ்சுகளுக்கென்று சொல்லப்படும் இத்தீவனம் இறகு வளர்க்கும் தாய்க்கோழிக்கும் பொருந்தும் விலங்குப் புரதமாகும். மழைக்கால ஈசலும் அவ்வாறே. கம்பும் சோளமும் வெப்பம் தரும். ஆயின் தானியம் மட்டும் இறகாகாது. நிலக்கடலைப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் அதனோடு சேர்ந்தே பயன் தருகின்றன. மாலையில் அடைவதற்கு முன் தானியம் இட்டால், இரவெல்லாம் செரிக்கும்போது எழும் வெப்பம் உடலில் தங்கும்.

குளிரா, நோயா?

1920களின் இறுதியில் குமாவுன் பகுதியின் இராணிக்கேத்தில் கண்டறியப்பட்ட கொள்ளைநோய் அவ்வூர்ப் பெயராலேயே இந்தியாவில் அறியப்பட்டது. தமிழில் வெள்ளைக் கழிச்சல். 1932இல் இராணிப்பேட்டையில் தொடங்கிய நிறுவனம் கால்நடைத் தடுப்பு மருந்து உற்பத்தியின் மையமானது. 1940களில் முக்தேசர் ஆய்வகம் இந்நோய்க்குத் தடுப்பூசி உருவாக்கியது. தலை குனிந்து ஒடுங்கி நிற்றல், தீனி எடுக்காமை ஆகியன குளிரின் அடையாளமாகவும் நோயின் அடையாளமாகவும் தோன்றக்கூடியவை. இறகுதிர்க்கும் கோழியும் ஒடுங்கித்தான் நிற்கும். ஆயினும் அது தீனி எடுக்கும், எச்சம் கெட்டியாக இருக்கும். பச்சை அல்லது வெள்ளைக் கழிச்சலும் கழுத்துத் திருகலும் கண்டால் சாக்கும் கம்பும் பயன்படா. தமிழகக் கால்நடை பராமரிப்புத் துறையின் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம்கள் பெரும்பாலும் பிப்ரவரியில் நடத்தப்படுகின்றன. அது கோடைக்கு முன்னான ஏற்பாடு.

ஆவணத்தின் மௌனம்

லிட்டில்வுட் 1936இல் வெளியிட்ட தென்னிந்தியக் கால்நடைகள் குறித்த நூலில் காங்கேயம் மாட்டுக்கும் பழையகோட்டைப் பட்டக்காரர் மந்தைக்கும் சிறப்பிடம் உண்டு. மாடு வரி, உழவு, சந்தை ஆகியவற்றோடு தொடர்புடையதால் அதிகாரிகளின் பார்வையில் பட்டது. கோழி, பெண்களின் சிறுவாட்டுப் பணத்தோடு நின்றது. கோழியை ஊர் முன்னேற்றத் திட்டமாக்கியோர் லெகான் சேவலைக் கொண்டுவந்தனர், மார்த்தாண்டத்து ஒய்.எம்.சி.ஏ. நிலையம் இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அடைக்கு உட்காராத அவ்வினத்தின் மதிப்பு முட்டை எண்ணிக்கையில் இருந்தது. முட்டை நிற்கும் இறகுதிர் காலம் அக்கணக்கில் இழப்பாகவே பதியப்படும்.

அக்கணக்கின் இறுதி வடிவத்தைப் பெரும் முட்டைப் பண்ணைகளில் காணலாம். இரண்டாம் முட்டைச் சுற்றுக்காகத் தீவனத்தை நிறுத்தி இறகுதிரச் செய்யும் முறை உலகெங்கும் பரவியது. அவ்வாறு பட்டினியிடுதல் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு முரண் என இந்திய விலங்குகள் நல வாரியம் 2011இல் அறிவுறுத்தியது. கறையான் பானை கவிழ்த்தவர் இறகுதிர்வின்போது தீனியைக் கூட்டினார். பண்ணை அதே நிகழ்வை வரவழைக்கத் தீனியை நிறுத்தியது. இரண்டுமே கோழியின் உடலை அறிந்தோரின் செயல்கள். முன்னதை அறிந்தோர் பெயர் எந்தக் கோப்பிலும் இல்லை. அடிவாரச் சிற்றூர்களின் முதிய பெண்களிடம் வாய்மொழியாகத் திரட்டுவதற்கு இன்னும் காலம் இருக்கிறது.